மெட்டு: கிட்டாரின் ‘ஃபிரெட்’டுக்குத் தமிழ்ச் சொல்

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகக் கம்பிகளில் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரெட். ஆங்கில அகராதிகளே இதை வேர் தெளியாத சொல்லாகத்தான் வைத்திருக்கின்றன. லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்தில் குடல்நரம்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்கள். இன்றைய கிட்டாரில் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த கம்பியைக் காடி வெட்டி அடித்து இறக்குகிறார்கள்.

இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. வீணைக்காரர்கள் சொல்லிவரும் ‘மெட்டு’ இருக்கிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு என்ற ஊர்ப்பெயர்களில் அது மேடான இடம். தெலுங்கில் படிக்கட்டின் படி. விரல்பலகையிலிருந்து மேலெழுந்து, சுரத்தைப் படிப்படியாக ஏற்றும் கம்பிக்கு இரண்டு பொருளும் ஒட்டுகின்றன. பாட்டின் மெட்டோடு குழம்பாதா? ‘மூணாம் மெட்டுல பிடி’ என்றால் யாரும் பாட்டைத் தேடப்போவதில்லை. சங்கப் பாடல்களில் வரும் ‘திவவு’ பொருந்தாது. அது யாழ்த்தண்டில் நரம்பை இறுக்கிய வார்க்கட்டு. யாழில் நரம்புக்கு ஒரு சுரம். அழுத்திச் சுரம் மாற்றும் வேலையே அதில் இல்லை.

செட்டிநாட்டில் இந்தச் சொல் வழங்காமல் போனால் வேறு எங்கே வழங்கும்? வீணையில் ஒரு பாணிக்கே பெயர் தந்த ஊர் காரைக்குடி. அந்தப் பாணியின் சாம்பசிவ ஐயர் 1952இல் சங்கீத நாடக அகாடமி விருது பெற்றவர். வீணையின் 24 மெட்டுகளும் கரித்தூள் கலந்த மெழுகில் நிற்கின்றன. அவற்றைச் சுரம் பார்த்து நிறுத்துவதற்கு ‘மேளக்கட்டு’ என்று பெயர். சுரம் பிசகினால் மெழுகை இளக்கி மறுபடி கட்டலாம். கிட்டாரில் மெட்டு நகராது. தலைப்பக்கம் தந்திகள் படிந்திருக்கும் நட்டிலிருந்து, உடல்பக்கம் அவற்றைத் தாங்கும் குதிரை வரை 648 மில்லிமீட்டர் உள்ள கிட்டாரில் முதல் மெட்டு 36.4 மில்லிமீட்டரில் இருக்கும், 12ஆம் மெட்டு சரிபாதியான 324இல். மெட்டுக்கு மெட்டு அரைச்சுரம்.

ஆங்கிலத்தில் கம்பிக்கும் ஃபிரெட்தான், இரண்டு கம்பிக்கு நடுவிலுள்ள இடத்துக்கும் ஃபிரெட்தான். ‘மூணாவது ஃபிரெட்டுல வை’ என்றதும் புதிதாகக் கற்பவர் கம்பியின் மேலேயே விரலை வைத்துவிடுகிறார், ஒலி அமுங்கிப்போகிறது. கம்பியை மெட்டு என்றும் நடுவிடத்தை மெட்டிடை என்றும் பிரித்துச் சொல்லுங்கள். விரல் நிற்க வேண்டியது மெட்டிடையில், மெட்டை ஒட்டி, நட்டுப் பக்கமாக. மெட்டை விட்டுப் பின்னால் தள்ளிப்போனால் ‘ஙீ’ என்று இரையும். இரைச்சலை அடக்க அமுக்கினால் விரல் நோகும், சுரமும் கூடும்.

எவ்வளவு அழுத்தம் போதும்? ஐந்தாம் மெட்டை ஒட்டித் தந்தியை வெறுமனே தொட்டபடி மீட்டுங்கள். ‘டக்’ என்று செத்த ஒலி வரும். மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்துங்கள். ஒலி தெளிகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். முதல் சில வாரம் பெரும்பாலானோர் இதைவிட அதிகமாகத்தான் அமுக்குகிறார்கள். நுனிவிரல் எரிவது இயல்பு, தோல் தடித்ததும் போய்விடும். மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்துங்கள்.

வெறும் 1-2-3-4 என்று விரல் ஓட்டுவது சீக்கிரம் சலித்துவிடும். கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான, நம் காதுக்குப் பழகிய சரளி வரிசையை ஒரே தந்தியில் வாசிப்பது அதைவிட இனிமை. மெல்லிய ஈ தந்தியை விரல் வைக்காமல் திறந்து மீட்டினால் 3 கட்டை சுருதியின் ச. சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளைக்கு அங்கிருந்து மெட்டுகள் 1, 4, 5, 7, 8, 11, 12. ஆள்காட்டி விரல் 1இல், சுண்டுவிரல் 4இல். அப்படியே கையை நகர்த்தி ஆள்காட்டி 5, மோதிரவிரல் 7, சுண்டுவிரல் 8. மறுபடி நகர்த்தி ஆள்காட்டி 11, நடுவிரல் 12. சீராகத் தட்டும் தாளக்கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60இல் வைத்து, தட்டுக்கு ஒரு சுரம். கூடவே வாய்விட்டுப் பாடுங்கள். விரல் தவறினால் காது சொல்லிவிடும். பட்டாலை போன்ற பெரிய கூடத்தில் எதிரொலி இரைச்சலை மறைக்கும், அதனால் சின்ன அறையில் உட்காருங்கள். ஒரு நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். நான்கு முறை இரைச்சலில்லாமல் ஏறி இறங்கிய பிறகு வேகத்தை 66 ஆக்கலாம்.