காது வழியாக வந்த கோவிட் பாடம்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அன்றைக்கு வார்டில் நின்ற மருத்துவர்களின் கேள்விகளுக்கு எந்தப் பாடநூலிலும் பதில் கிடையாது. திணறல் எதுவும் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு ஆக்சிஜன் அளவு எப்படி இவ்வளவு இறங்கியது? வென்டிலேட்டரை இப்போதே வைப்பதா, பொறுத்திருப்பதா? நினைவோடு இருப்பவரையும் குப்புறப் படுக்க வைக்கலாமா? ஆய்விதழில் ஒரு கட்டுரை வல்லுநர்களின் சரிபார்ப்பைத் தாண்டி வெளிவரச் சாதாரணமாக மாதக்கணக்கில் ஆகும். சரிபார்க்கப்படாத வரைவுகளோ இணையத்தில் குவிந்தன. உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்க யாருக்கும் நேரமில்லை.

இணையத்தில் தொடராக வெளியாகும் ஒலிப்பதிவுகளான மருத்துவப் பாட்காஸ்ட்கள் கைகொடுத்தது அந்த இடைவெளியில்தான். வைரஸ் ஆய்வாளர் வின்சென்ட் ரகனியெல்லோ 2008இல் தொடங்கிய ‘திஸ் வீக் இன் வைராலஜி’ என்ற பாட்காஸ்டில், தொற்றுநோய் மருத்துவர் டேனியல் கிரிஃபின் வாரந்தோறும் சிகிச்சை நிலவரத்தைச் சொல்லிவந்தார். இவ்வளவு வேகம் சாத்தியமானதற்குக் காரணம் மிக எளிமையான ஒரு தொழில்நுட்பம். பதிவு செய்தவர் ஒலிக்கோப்பை ஒரு சர்வரில் ஏற்றி, ஆர்எஸ்எஸ் என்ற பட்டியல் கோப்பில் அதன் முகவரியைச் சேர்த்துவிடுகிறார். கேட்பவரின் செயலி அந்தப் பட்டியலை அவ்வப்போது எட்டிப்பார்க்கிறது. புதிதாக ஏதாவது இருந்தால் இறக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான். பதிப்பாசிரியர், அச்சகம், அனுமதி எதுவும் நடுவில் இல்லை. நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் பதிவான அரை மணி நேரப் பேச்சு சுமார் 14 மெகாபைட்தான். இறக்கி வைத்துக்கொண்டால், அப்புறம் இணைய இணைப்பே தேவையில்லை.

மருத்துவ மாணவர்களுக்கு இழப்பு வேறு விதமானது. 2020 மார்ச் 17 அன்று, நோயாளிகளை நேரில் காணும் பயிற்சியை நிறுத்திவைக்கும்படி அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் பரிந்துரைத்தது. பாடத்தைப் புத்தகத்திலிருந்து படித்துவிடலாம். மூத்த மருத்துவர் படுக்கையருகே நின்று, ‘இதுவாக இருக்குமோ, இல்லையே, ரத்தப் பரிசோதனை ஒத்துவரவில்லையே’ என்று யோசிப்பதை எங்கே போய்க் கேட்பது? இரண்டு மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி விவாதிக்கும் பாட்காஸ்டில் அந்தச் சிந்தனையின் ஓட்டம் அப்படியே காதில் விழுகிறது. தயக்கம் கூடக் குரலில் தெரிகிறது. அச்சிட்ட வழிகாட்டியில் அது தெரியாது. என்னைப் பொறுத்தவரை, இந்த வடிவத்தின் உண்மையான மதிப்பு வேகத்தை விட இதில்தான் இருக்கிறது.

ஆனால் காதுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த நேரத்துக்குத் தகவலைப் பிடித்துவைக்கும் நம் செயல்நினைவு ஒரே நேரத்தில் சில தகவல்களைத்தான் தாங்கும். படிக்கும்போது கண் முந்தைய வரிக்குத் திரும்பலாம். பேச்சோ கடந்து போய்விடும். அதனால் மருந்தளவு, வென்டிலேட்டர் எண்கள் போன்றவை காதில் நிற்பதில்லை. காரணகாரியம் நிற்கும்.

டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இதற்கு நல்ல உதாரணம். பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வுக்குழு 2020 ஜூன் 16 அன்று முதலில் ஓர் அறிக்கையாக முடிவைச் சொன்னது: வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை. இந்த எண்களைக் கேட்டால் மறந்துவிடும். ‘முதல் நாட்களில் உடலில் பெருகுவது வைரஸ், பின்னால் நுரையீரலைக் கெடுப்பதில் நம் நோயெதிர்ப்பின் மிகையான சீற்றத்துக்கும் பெரும் பங்குண்டு, ஸ்டீராய்டு அந்தச் சீற்றத்தை அடக்குவது, அதனால் சீக்கிரம் கொடுத்தால் வைரஸோடு போராடும் படையைத்தான் கட்டிப்போடுவோம்’ என்று ஒருவர் விளக்கினால், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பது தானாக மனதில் நிற்கும். ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் என்ற அளவைக் காகிதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல், இனிமையாகப் பேசுபவரைக் கேட்டால் நமக்கே எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றுவது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். பாட்காஸ்ட் கேட்பவருக்கும் இது பொருந்தும். நோயாளியின் விவரத்தைச் சொன்னதும் பதிவை நிறுத்தி, ‘சரி, நான் என்ன செய்வேன்?’ என்று தனக்குள் பதில் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும். வண்டி ஓட்டும்போது இது நடக்காது. அப்போது கேட்பதை அறிமுகமாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

எனக்குப் பெரிய கவலை பழைய பதிவுகளைப் பற்றித்தான். கோவிட்டுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைத் தர, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 மார்ச் 28 அன்று அவசர அனுமதி கொடுத்தது. ஜூன் 15 அன்று திரும்பப் பெற்றது. அதே மருந்து பற்றி மே 22 அன்று ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை, தரவின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளானதால் ஜூன் 4 அன்று விலக்கப்பட்டது. இதழின் தளத்தில் அந்தக் கட்டுரையைத் திறந்தால் விலக்கப்பட்டது என்ற குறிப்பு கண்ணில் படும். ஏப்ரலில் பதிவான பாட்காஸ்ட் உரையாடலுக்கு அப்படி முத்திரை இல்லை. அதே உறுதியான குரலில் இன்றும் பேசும். சர்வரில் இருக்கும் கோப்பைத் திருத்தினாலும், ஏற்கெனவே இறக்கிவைத்தவரின் செல்பேசியில் பழையதுதான் இருக்கும். அதனால் பதிவான தேதியை ஒலியின் முதல் நொடிகளிலேயே வாயால் சொல்ல வேண்டும். திருத்தம் வந்தால் அதைத் தனிப் பதிவாகவே வெளியிட வேண்டும். பட்டியலில் புதிதாகச் சேர்வதைத்தான் செயலி தேடிப் பிடித்துக் கொண்டுவரும்.