ஜாமீன், பிணை: சொல் விளக்கம்

‘ஜாமீன்’ அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்த சொல். அரபியில் அதன் மூலச் சொல் பொறுப்பேற்கும் ஆளைக் குறிக்கும். தமிழ்ப் புழக்கத்தில் அது விடுவிப்பின் பெயராகிவிட்டது. அதனால் பொறுப்பேற்பவரைச் சுட்ட ‘ஜாமீன்தாரர்’ தேவைப்பட்டது.

தமிழில் இதற்குச் சரியான சொல் ‘பிணை’. பிணைத்தல் என்றால் கட்டுதல். சிறைக்கு வெளியே இருந்தாலும் நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. பிணையாளர், பிணைமுறி (பிணைக்காக எழுதித் தரும் உறுதிமொழி), முன்பிணை (கைதுக்கு முன்பே பெறும் பிணை) என இயல்பாகக் கிளைக்கவும் செய்கிறது.

ஆளா, விடுவிப்பா என்ற இந்தக் குழப்பம் இந்தியச் சட்டத்திலும் நெடுநாள் இருந்தது. 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் எந்தக் குற்றங்கள் பிணையில் விடத்தக்கவை என்று சொன்னதே தவிர, பிணை என்றால் என்னவென்று வரையறுக்கவில்லை. பிணையாளர் இல்லாமல் பிணை உண்டா? கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணையாளர் கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மறுத்த மோத்தி ராம் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் ‘உண்டு’ என்றது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு படி. பிணையில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் பிணை தர முடியாவிட்டால், அவரை வசதியற்றவராகக் கருதி, பிணையாளர் இல்லாமல் சொந்த முறியில் விட வழிசெய்தது. வரையறை வந்தது 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில்தான். அதன்படி பிணையாளரோடு தருவது பிணைமுறி. பிணையாளர் இல்லாமல் தருவது வெறும் முறி. எனவே ‘சொந்த ஜாமீன்’ என்பதைவிடச் ‘சொந்த முறியில் விடுவிப்பு’ துல்லியமானது.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது ‘டிஃபால்ட்’ பிணையில். இதை ‘இயல்புப் பிணை’ என்று பெயர்த்தால் பொருள் கெடும். சட்டம் தரும் கெடுவுக்குள் காவல்துறை புலனாய்வை முடிக்கத் தவறினால் காவலில் இருப்பவருக்கு உரிமையாகக் கிடைப்பது என்பதால் ‘தவறுகைப் பிணை’ பொருந்தும். மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைக்குரிய குற்றங்களுக்குக் கெடு 90 நாள், மற்றவற்றுக்கு 60. கைதான நாளிலிருந்து எண்ணக் கூடாது. மாஜிஸ்திரேட் முதலில் காவலுக்கு அனுப்பிய நாளே முதல் நாள். கெடு முடிந்தும் மனு போடாமல் இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் இந்த உரிமை போய்விடும்.

‘ஜாமீனில் விடுதலை’ என்ற செய்தித் தலைப்பையும் மாற்ற வேண்டும். விடுதலை என்பது வழக்கின் முடிவில் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளிப்பதற்கும் வழங்கும் சொல். பிணையில் வந்தவர்மீது வழக்கு அப்படியே நிற்கிறது. ‘பிணையில் விடுவிப்பு’ என்று எழுதலாம்.