உரைகாரர்: ‘வண்ண வர்ணனையாளர்’ என்ற பிழைக்கு மாற்று

‘என்.பி.சி. தொலைக்காட்சியில் தலைமை வண்ண வர்ணனையாளராக 29 ஆண்டுகள் பணியாற்றினார்.’ கோல்ஃப் வீரர் ஜானி மில்லரின் வாழ்க்கையைத் தமிழில் எழுத வருபவர்கள் இப்படி ஒரு வாக்கியத்தை இறக்கிவிடுகிறார்கள். வண்ண வர்ணனை என்றால் என்ன? வண்ணத் தொலைக்காட்சி வந்த பிறகு செய்த வர்ணனையா? படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது; எழுதியவருக்கும் விளங்கியிருக்காது.

அமெரிக்க விளையாட்டு ஒலிபரப்பில் இருவர் பேசுவார்கள். ஒருவர் நடப்பதைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர் பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர். நடந்தது ஏன் நடந்தது என்று சொல்வார். இந்த இரண்டாமவரைத்தான் ‘கலர் காமென்டேட்டர்’ என்பார்கள். வெறும் செய்திக்குச் சுவை சேர்ப்பவர் என்பது அந்தக் ‘கலரின்’ பொருள். நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதில் இன்னொரு கோளாறும் உண்டு. வர்ணனை என்ற சொல்லே நிறத்தைக் குறிக்கும் ‘வர்ண’த்தில் பிறந்த வடசொல். ஆக ‘வண்ண வர்ணனை’ என்பது நடுசென்டர்.

வர்ணனையைத் தமிழில் புனைந்துரை எனலாம். ஒன்றை அழகுபடுத்திச் சொல்வது. வானொலிக்கு அது பொருந்தியது. கேட்பவருக்கு எதுவும் தெரியாது. பந்து எங்கே போகிறது, யார் ஓடுகிறார், கூட்டம் எப்படி ஆர்ப்பரிக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லால் தீட்டிக் காட்ட வேண்டும். வானொலி கிரிக்கெட் காலத்தில் நேர்முக வர்ணனை என்ற தொடர் தமிழில் நிலைத்தது நியாயமே. தொலைக்காட்சி கோல்ஃபில் நிலைமை தலைகீழ். பந்து காற்றில் இருப்பது ஆறேழு விநாடி. அதையும் கேமரா காட்டிவிடுகிறது. ஒரு சுற்று முடிய நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எஞ்சிய நேரமெல்லாம் ஆட்டக்காரர் நடக்கிறார், நிற்கிறார், யோசிக்கிறார். அங்கே வேண்டியது தீட்டிக் காட்டும் வாய் அன்று, விளக்கிச் சொல்லும் வாய்.

சிலர் இதை உணர்ந்து ‘ஆய்வாளர்’ என்று போடுகிறார்கள். ‘அனலிஸ்ட்’ என்பதற்கு அகராதியில் கிடைத்த சொல். ஆனால் ‘தலைமை ஆய்வாளர் ஜானி மில்லர்’ என்றால் நம் காதில் முதலில் விழுவது காவல் நிலையம், அடுத்து வருவாய்த் துறை, அதற்கடுத்துப் பல்கலைக்கழகம். கோல்ஃப் மைதானம் நான்காவதாகக்கூட வருவதில்லை. ‘பகுப்பாய்வாளர்’ என்றால் இரத்தப் பரிசோதனைக் கூடம். சொல் தூயதா என்று பார்ப்பவர்கள், அந்தச் சொல் ஏற்கெனவே எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தமிழில் வேலைப் பெயர்கள் அப்படித்தான் இயங்குகின்றன.

‘விமர்சகர்’ இன்னும் மோசம். மில்லர் ஒளிவுமறைவின்றிப் பேசியவர் என்பது உண்மை. அதனால் ஆட்டக்காரர்கள் சிலருக்கு அவர்மேல் கோபம் இருந்ததும் உண்மை. ஆனால் குறை சொல்வது அவர் வேலை அன்று. விமர்சகர் என்று எழுதினால் வெளியே நின்று மதிப்பெண் போட்டவர் போல ஆகிவிடுகிறது. அவர் உள்ளே இருந்தவர். 1973 யு.எஸ். ஓப்பனில், ஓக்மான்ட் மைதானத்தில், கடைசி நாள் ஆறு அடி (தூரம் அன்று, பந்தை அடித்த எண்ணிக்கை; கோல்ஃபில் குறைவாக அடித்தவரே வெல்வார்) பின்தங்கித் தொடங்கினார். முதல் நான்கு குழிகளிலும் பேர்டி, அதாவது குழிக்கு உரிய அடியில் ஒன்று குறைவு. மொத்தம் ஒன்பது பேர்டி, ஒரு போகி (ஓர் அடி கூடுதல்). 71 அடிக்கான மைதானத்தை 63-ல் முடித்து ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். மேஜர் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றில் எவரும் 63 அடித்தது அதுவே முதல் முறை. 1974-ல் எட்டு வெற்றி. 1976-ல் ராயல் பர்க்டேலில் பிரிட்டிஷ் ஓப்பன். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூரில் மொத்தம் 25 வெற்றிகள்.

‘முன்னாள் வீரர்’ என்று எழுதுவதும் இங்கே சறுக்கும். 1969-ல் தொழில்முறை ஆட்டக்காரரானவர் 1990-ல் ஒலிபரப்புக்கு வந்தார். ஆனால் 1994-ல், அந்த வேலையில் இருந்தபடியே, 46 வயதில் பெபிள் பீச் போட்டியை வென்றார். கோல்ஃபில் ‘ஓய்வு பெற்று வர்ணனைக்கு வந்தார்’ என்ற கிரிக்கெட் வாய்பாடு எல்லா இடத்திலும் செல்லாது.

சரி, என்ன சொல்லலாம்? நம்மிடம் நெடுங்காலமாக இருக்கும் சொல்லே போதும்: உரைகாரர். ‘காமென்டேட்டர்’ என்பதும் ஆங்கிலத்தில் முதலில் நூலுக்கு உரை எழுதியவரையே குறித்தது. மைக் பிடித்தவருக்கு அது வந்தது வானொலிக்குப் பிறகு. மூலம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. பொருள் எல்லாருக்கும் எட்டுவதில்லை. எட்ட வைப்பவர் உரைகாரர். தொலைக்காட்சியில் படம்தான் மூலம். காண்டிகை எனப்படும் சுருக்க உரைக்கு நன்னூல் கேட்பது கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை. மில்லர் செய்தது ஏறக்குறைய இதுதான். அடர்ந்த புல்லில் பந்து கிடந்தால், கிளப் முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் சிக்கும், சுழற்சி குறையும், பந்து கணக்கை மீறி ஓடும் என்பது பதப்பொருள். அதனால் ஒரு எண் கூடிய, அதாவது தூரம் குறைவாகப் போகும் கிளப்பை எடுக்க வேண்டும் என்பது கருத்து.

நன்னூல் உரைக்குச் சொல்லும் பதினான்கு கூறுகளில் ‘துணிவு’ ஒன்று. ஐயமான இடத்தில் முடிவைச் சொல்லிவிடுவது. அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் ரைடர் கோப்பையில், 1999-ல், அமெரிக்க வீரர் ஜஸ்டின் லெனர்ட் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாம் என்று மில்லர் துணிந்தார். மறுநாள் அதே லெனர்ட் 17-ஆம் குழியில் 45 அடி தூரப் பந்தை உள்ளே தள்ளினார். உரைகாரர் தவறுவதும் உண்டு. நச்சினார்க்கினியரையும் பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள்.

ஒரு கோல்ஃப் ஒலிபரப்பில் பேசுபவர்கள் பலர் என்பதால் பெயர்கள் பிரிந்தே ஆக வேண்டும். 18-ஆம் குழிக்கு அருகே உள்ள கூடத்தில் நிகழ்ச்சியைக் கொண்டுசெல்பவர் தொகுப்பாளர். பக்கத்தில் இருப்பவர் உரைகாரர். ஆட்டக்காரர்களோடு நடந்துகொண்டே தூரம், காற்று, பந்து கிடக்கும் விதம், எடுத்த கிளப் ஆகியவற்றைத் தாழ்ந்த குரலில் சொல்பவரைக் களவர்ணனையாளர் எனலாம். ரோஜர் மால்ட்பி நெடுங்காலம் செய்தது அந்த வேலை. வர்ணனை என்ற சொல் அவருக்குத்தான் பொருந்தும். நமக்குத் தெரியாததைக் கண்டு சொல்பவர் அவர். எல்லாரையும் வர்ணனையாளர் என்று ஒரே மூட்டையில் கட்டினால், 2019-ல் மில்லர் விலகியபோது பால் அசிங்கர் வந்து அமர்ந்தது எந்த இடத்தில் என்பதே தெரியாமல் போகும்.

இதே கவனக்குறைவு ‘சோக்’ (choke, நெருக்கடியில் பதறித் தவறுவது) என்ற சொல்லிலும். ஒலிபரப்பில் அச்சொல்லைத் தயங்காமல் சொன்னவர் என்று மில்லருக்குப் பெயர். 1990-ல் ஆட்டக்காரர் பீட்டர் ஜேக்கப்சன் கடைசிக் குழியில் இறங்குசரிவில் கிடந்த பந்தைத் தண்ணீரைத் தாண்டி அடிக்க நின்றபோதே அதைச் சொன்னார். சரிவில் பந்துக்குப் பின்னால் தரை உயர்ந்திருக்கும். பதறி உடம்பை நிமிர்த்தினால் கிளப் பந்தின் தலையில் படும், பந்து தண்ணீரில் விழும். (ஜேக்கப்சன் பதறவில்லை, வென்றார்.) இதை ‘மூச்சுத் திணறினார்’ என்று எழுதினால் வாசகர் ஆம்புலன்ஸைத் தேடுவார். ‘பதறிக் கோட்டைவிட்டார்’ என்பதே தமிழ். அதே ஆங்கிலச் சொல் கிளப்போடு வந்தால் பொருள் வேறு: பிடியின் நுனியை விட்டு ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பிடிப்பது, தூரத்தைச் சற்றுக் குறைத்துப் பந்தைக் கட்டுக்குள் வைப்பதற்கு. அங்கே ‘கிளப்பைத் தாழ்த்திப் பிடித்தார்’ என்று எழுதுங்கள்.