டெலிபோனுக்கென்று தனி எர்த் வேண்டாம்: அமெரிக்க மின் விதி சொல்வது

அமெரிக்க வீடுகளின் வெளிச்சுவரில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைப் பார்க்கலாம். தெருவிலிருந்து வரும் டெலிபோன் லைன் வீட்டுக்குள் நுழையும் இடம் அது. பெட்டிக்குள் ப்ரொடெக்டர் இருக்கிறது. அடியிலிருந்து ஒல்லியான எர்த் கம்பி ஒன்று இறங்குகிறது. லைனில் மின்னல் பாய்ந்தால் ப்ரொடெக்டர் அதை இந்தக் கம்பிக்குத் திருப்பிவிடும். அந்தக் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் முக்கியம்.

வீட்டு மின்சாரத்துக்கு ஏற்கெனவே இருக்கும் எர்த்தோடு, அதாவது கரண்ட் எர்த்தோடு, அது சேர வேண்டும். நேஷனல் எலக்ட்ரிக்கல் கோட் என்ற விதித்தொகுப்பின் 800ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 2020 பதிப்பில் ப்ரொடெக்டர் விதிகள் மட்டும் 805க்குப் போயின. மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்ட பிறகே இந்தத் தொகுப்பு சட்டமாகும். அதனால் உங்கள் ஊரில் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்று கட்டட அனுமதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எர்த் கம்பி குறைந்தது 14 கேஜ் செம்பு, அதாவது சுமார் 2 சதுர மில்லிமீட்டர். ஒன்றிரண்டு குடும்பம் வசிக்கும் வீட்டில் அதன் நீளம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. கூடியவரை நேராகவும் ஓட வேண்டும். காரணம் இருக்கிறது. ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி தூண்டல், அதாவது மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும் தன்மை, உண்டு. மின்னோட்டம் மைக்ரோ விநாடிக்கு 1,000 ஆம்பியர் வேகத்தில் ஏறினால் மீட்டருக்கு 1,000 வோல்ட், 6 மீட்டருக்கு 6,000 வோல்ட் நிற்கும். கம்பியைத் தடிமனாக்கினாலும் இது பெரிதாகக் குறையாது.

6 மீட்டருக்குள் கரண்ட் எர்த் எட்டவில்லை என்றால் தனி ராடு, அதாவது எர்த்துக்கான உலோகத் தண்டு, மண்ணில் அடிக்க விதி அனுமதிக்கிறது. பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான். அந்த ராடைக் கரண்ட் எர்த்தோடு இன்னும் தடிமனான 6 கேஜ் செம்புக் கம்பியால் இணைத்தே ஆக வேண்டும். இணைக்காவிட்டால் மின்னல் நேரத்தில் இரண்டு ராடுகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். டெலிபோன் லைனிலும் கரண்ட் பிளக்கிலும் ஒருசேர மாட்டியிருக்கும் மோடமோ கார்ட்லெஸ் போனோ அந்த இரண்டுக்கும் பாலமாகிவிடும். எரிவது அதுதான். அந்த நேரம் அதைத் தொட்டுக்கொண்டிருப்பவர் உயிருக்கும் ஆபத்து. கேபிள் டிவி, ஆண்டெனா கம்பிகளும் இதே எர்த்துக்கு வர வேண்டும். அதற்காகவே 2008 பதிப்பிலிருந்து மின்சார மீட்டர் பெட்டி அருகே மூன்று கம்பிகளாவது மாட்டக்கூடிய பொது இணைப்பு முனை கட்டாயமானது.

ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே லைன் ஓடினால், மின்னலுக்கு வாய்ப்புள்ள இடங்களில் இரு முனையிலும் ப்ரொடெக்டர் வேண்டும். உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த பெருநகரப் பகுதிகளுக்கு விலக்கு உண்டு. 42 மீட்டருக்குள், மண்ணுக்கடியில், உலோக உறை தொடர்ச்சியாக இருந்து இரு புறமும் எர்த்தோடு இணைந்த கேபிளுக்கும் விலக்கு உண்டு.

பழைய வீடாக இருந்தால் இன்றைக்கே கம்பியைப் பின்தொடர்ந்து பாருங்கள். தண்ணீர்க் குழாயில் கிளாம்ப் மாட்டி முடித்திருப்பார்கள். பின்னாளில் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தால் கம்பி இருந்தும் எர்த் இல்லை. கிளாம்ப் பச்சை பிடித்து ஆடினாலும் அதே கதைதான். இணைப்பு வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். புது ராடு அடிப்பதென்றால் அதற்குச் சில நாள் முன்பே 811 என்ற போன் எண்ணுக்கு அழையுங்கள். மண்ணுக்கடியில் கேஸ், கரண்ட் லைன் போகும் இடத்தை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள்.