மருந்துக்கு முகவரி தெரியாது

டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து பார்க்க நல்ல சிவப்பாக இருக்கும். நரம்பில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே உடல் முழுக்கப் பரவிவிடும். கட்டிக்கும் போகும், முடியின் வேருக்கும் போகும், குடலுக்கும் போகும், இதயத்துக்கும் போகும். வேகமாகப் பெருகும் செல் எங்கே இருந்தாலும் அடிக்கும். முடி கொட்டுவதும் வாந்தி வருவதும் அதனால்தான். இதயத் தசைக்கு வரும் சேதம் இன்னும் மோசமானது. ஒவ்வொரு டோஸுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தம் இவ்வளவுதான் என்று மருத்துவர்கள் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். கட்டி நன்றாகச் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே, இதயத்தை நினைத்து மருந்தை நிறுத்த வேண்டி வரலாம்.

இந்த மருந்தை அப்படியே ரத்தத்தில் கலக்காமல் ஒரு நுண்ணிய உறைக்குள் வைத்து அனுப்பினால் என்ன? நானோ மருத்துவத்தின் அடிப்படைக் கேள்வி இதுதான்.

உறை எங்கிருந்து வரும்? 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்ற ஆய்வாளர், ஒருவகைக் கொழுப்பைத் தண்ணீரில் போட்டால் அது தானாகவே சுருண்டு நுண்குமிழிகளாக மூடிக்கொள்வதைக் கண்டார். இந்தக் கொழுப்பு மூலக்கூறுக்குத் தலை தண்ணீரை விரும்பும், வால் தண்ணீரை வெறுக்கும். வால்களெல்லாம் ஒன்றையொன்று பார்த்தபடி உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் தண்ணீர்ப் பக்கம் நிற்கும். அப்படி உருவாகும் இரட்டைச் சுவர்தான் நம் செல்களின் சவ்வும்கூட. இந்தக் குமிழிக்கு லிப்போசோம் என்று பெயர்.

சரி, குமிழி கிடைத்துவிட்டது. அதற்குள் மருந்தை அடைப்பது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முதலில் வெறும் லிப்போசோம்களுக்குள் அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை நிரப்புகிறார்கள். வெளியே இருக்கும் சல்ஃபேட்டை நீக்கிவிடுகிறார்கள். உள்ளிருந்து அம்மோனியா மெல்லக் கசிந்து வெளியேறும். அது விட்டுச்செல்லும் ஹைட்ரஜன் அயனிகளால் உட்பக்கம் அமிலமாகும். இப்போது வெளியே டாக்ஸோரூபிசினைச் சேர்த்தால், மின்னூட்டம் இல்லாத மருந்து மூலக்கூறு கொழுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே நுழையும். நுழைந்ததும் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொள்ளும். மின்னூட்டம் ஏறிவிட்டதால் வந்த வழியே திரும்பிப் போக முடியாது. அங்கேயே சல்ஃபேட்டோடு சேர்ந்து படிகமாக உறைந்துவிடும். எலக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு குமிழிக்குள்ளும் ஒரு குச்சி கிடப்பது தெரியும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள் சேர்ந்த குச்சி அது. யாரும் தள்ளவில்லை, திணிக்கவில்லை. மருந்து தானாகப் போய் மாட்டிக்கொள்கிறது. இப்படித் தயாரான மருந்துக்கு 'டாக்ஸில்' என்று பெயர். அது 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்தக் குமிழியின் அளவு 100 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும். இந்த அளவைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. 5, 6 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். 200-ஐத் தாண்டினால் மண்ணீரலின் இடுக்குகளில் சிக்கும். இரண்டுக்கும் நடுவே இருந்தாலும் தப்பித்துவிட முடியாது. ரத்தத்தில் இறங்கிய நொடியிலேயே அங்குள்ள புரதங்கள் துகளின் மேல் வந்து ஒட்டும். கல்லீரலில் காத்திருக்கும் விழுங்கணுக்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அந்தப் புரதங்களை அடையாளமாக வைத்துத் துகளை விழுங்கிவிடும். இதைத் தள்ளிப்போடத்தான் குமிழியின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளை நட்டார்கள். தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் அந்த இழைப் போர்வை புரதங்களை எளிதில் அண்டவிடாது. வெறும் மருந்து நிமிடங்களில் ரத்தத்தை விட்டு வெளியேறிவிடும். போர்வை போட்ட குமிழியோ நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நானோ மருந்து என்றாலே குறிபார்த்துப் பாயும் ஏவுகணை போலப் படம் போடுகிறார்கள். அது தவறான படம். நோயாளிக்குப் பொய் நம்பிக்கை தரும் படம். இந்தத் துகளுக்குக் கண்ணும் இல்லை, இயந்திரமும் இல்லை. ரத்தம் இழுக்கும் பக்கம் போகும், அவ்வளவுதான். கட்டிக்குள் அது சேர்வது எப்படி என்பதற்கு 1986-இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் ஒரு விளக்கம் தந்தார்கள். அவசரமாக வளரும் கட்டியின் ரத்தக் குழாய்ச் சுவர்களில் ஓட்டைகள் அதிகம், வடிகால் வசதி குறைவு. எனவே அங்கே கசியும் துகள் தேங்கும் என்றார்கள். ஆனால் கட்டிக்குக் கட்டி இது மாறும். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2016-இல் வெளியான ஒரு கணக்கின்படி, செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது இடைநிலையாக 0.7 சதவீதம்தான்.

அப்படியானால் டாக்ஸிலின் பயன் என்ன? ஆரோக்கியமான இதயத்தின் ரத்தக் குழாய்ச் சுவர்கள் நெருக்கமானவை. குமிழி அங்கே கசியாது. இதயத்துக்குப் போகும் மருந்து குறைந்தது. அதுதான் பெரிய லாபம். பதிலுக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் சிவந்து உரியும் தொல்லை கூடுகிறது. நாள்கணக்கில் சுற்றும் குமிழி தோலிலும் கொஞ்சம் கசிகிறது என்பதே காரணம்.

உடலின் போக்கை எதிர்க்காமல் அதன் வழியிலேயே போன இடங்களில் வெற்றி இன்னும் தெளிவாகத் தெரிகிறது. காலா அசார் என்ற கருங்காய்ச்சல் நோயின் ஒட்டுண்ணி குடியிருப்பதே அந்த விழுங்கணுக்களுக்குள்தான். அதைக் கொல்லும், ஆனால் சிறுநீரகத்தையும் கெடுக்கும் ஆம்ஃபோடெரிசின்-பி மருந்தை லிப்போசோமில் வைத்துக் கொடுத்தால், விழுங்கணு துகளை விழுங்குவது நமக்கே சாதகமாகிறது. மற்ற இடத்தில் தலைவலியாக இருந்த அதே பழக்கம் இங்கே மருந்தை வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறது. சிறுநீரகமும் பெருமளவு தப்பிக்கிறது.

2018-இல் அனுமதி பெற்ற பாடிசிரானும் அப்படித்தான். கல்லீரலில் உருவாகும் ஒரு புரதம் தவறாக மடிந்து நரம்புகளில் படியும் பரம்பரை நோய்க்கான மருந்து இது. உள்ளே இருப்பது ஒரு ஆர்என்ஏ துண்டு. சுற்றிலும் கொழுப்பு நானோ துகள். ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் அப்போ-ஈ என்ற புரதம் இந்தத் துகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் செல், கொழுப்புதான் வந்திருக்கிறது என்று உள்ளே இழுத்துக்கொள்ளும்.

உள்ளே போனதும் வேலை முடிந்துவிடாது. துகள் ஒரு பைக்குள் அடைபட்டிருக்கும், எண்டோசோம் என்பார்கள். நேரம் போகப் போக அந்தப் பை அமிலமாகிக்கொண்டே வரும், கடைசியில் எல்லாவற்றையும் செரித்துவிடும். அதற்குள் தப்ப வேண்டும். துகளில் உள்ள ஒருவகைக் கொழுப்பு, ரத்தத்தில் மின்னூட்டமில்லாமல் சாதுவாக இருக்கும். அமிலம் பட்டதும் நேர்மின்னூட்டம் பெறும். பையின் சுவரிலுள்ள எதிர்மின் கொழுப்போடு போய் இணைந்து சுவரைக் கிழிக்கும். ஆர்என்ஏ வெளியே வரும். அப்படித் தப்புவதும் நூற்றில் ஒன்றிரண்டுதான். ஆனாலும் போதும், ஏனென்றால் தப்பிய ஒரு துண்டு, அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் பல செய்தி ஆர்என்ஏக்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டக்கூடியது. கோவிட் காலத்தில் வந்த எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளிலும் இதே வகைத் துகள்தான், நான்கு கொழுப்புகளின் கலவை.

2020-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் அந்த நான்கோடு ஐந்தாவதாக ஒரு கொழுப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். நிரந்தர நேர்மின்னூட்டம் கொண்ட கொழுப்பைச் சேர்த்தபோது, எலிகளில் துகள் நுரையீரலுக்குப் போனது. எதிர்மின்னூட்டம் கொண்டதைச் சேர்த்தபோது மண்ணீரலுக்குப் போனது. துகளின் மேற்பரப்பு மாறியதும் ரத்தத்தில் அதன்மேல் ஒட்டும் புரதங்களும் மாறின. எந்தப் புரதம் ஒட்டுகிறதோ, அதைப் பிடிக்கும் உறுப்புக்குத் துகள் போய்ச் சேர்ந்தது.