பல நாடுகளில் சொத்துள்ள கம்பெனி திவாலானால் உங்கள் பாக்கி என்னவாகும்?

கம்பெனி பதிவானது ஒரு நாட்டில், கிடங்கு இன்னொரு நாட்டில், வங்கிக் கணக்கு மூன்றாவது நாட்டில். அது திவாலானால் கடன் கொடுத்தவர்களில் முந்திக்கொண்டவர் கைக்கு எட்டியதை ஜப்தி செய்துவிடுவார். தூரத்திலிருக்கும் சின்ன சப்ளையருக்கும் சம்பள பாக்கி உள்ள தொழிலாளிக்கும் மிச்சம் ஏதும் இருக்காது.

இதைத் தடுக்கத்தான் ஐ.நா.வின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணையம் 1997இல் ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தது. இது நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம் இல்லை. எந்த நாடு தன் சட்டத்தில் சேர்த்துக்கொள்கிறதோ அங்கே மட்டும்தான் செல்லும். அமெரிக்கா 2005இல் சேர்த்தது, பிரிட்டன் 2006இல், சிங்கப்பூர் 2017இல்.

கம்பெனியின் உண்மையான தலைமையிடம் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. மறுத்து யாரும் நிரூபிக்காதவரை, பதிவு அலுவலகம் உள்ள இடமே தலைமையிடம். அங்கே நடப்பது முதன்மை வழக்கு. அதன் திவால் நிர்வாகி மற்ற நாட்டு நீதிமன்றத்தில் அங்கீகாரம் கேட்கலாம். கிடைத்ததும் கம்பெனி சொத்தின் மீதான தனித்தனி வழக்குகளும் ஜப்தியும் பொதுவாகத் தானாகவே நின்றுவிடும். கிளை மட்டும் உள்ள நாட்டில் தொடங்கிய வழக்கு என்றால் இந்தத் தடை தானாக வராது, நீதிபதி பார்த்துத்தான் கொடுப்பார்.

சரி, கடன் கொடுத்தவருக்கு என்ன உரிமை? வெளிநாட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் கோரிக்கையைக் கடைசி வரிசைக்குத் தள்ளக் கூடாது. உள்ளூரில் கடன் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ் போனால், முகவரி தெரிந்த உங்களுக்கும் வர வேண்டும். இன்னொரு விதி எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. ஒரு நாட்டில் உங்கள் பாக்கியில் நூற்றுக்கு 20 கிடைத்துவிட்டதா? அடுத்த நாட்டு வழக்கில் உங்களைப் போன்ற மற்றவர்களும் 20ஐ எட்டும்வரை அதே பாக்கிக்கு உங்களுக்கு அங்கே பணம் வராது. கம்பெனி சொத்தை அடமானமாகப் பெற்றுக் கடன் கொடுத்தவரின் உரிமையை இது தொடாது.

நீதிமன்றங்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளவும் இச்சட்டம் வழி வைத்திருக்கிறது. நார்டெல் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனி 2009இல் திவால் பாதுகாப்புக் கேட்டது. சுமார் 730 கோடி டாலரை யார் யாருக்குப் பிரிப்பது என்று கனடாவின் டொரண்டோவிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் 2014இல் காணொலி இணைப்பில் சேர்ந்தே விசாரணை நடந்தது. 2015 மே 12 அன்று இரு நீதிபதிகளும் தனித்தனியே தீர்ப்பு எழுதி, கடன் விகிதப்படி பிரிக்க வேண்டும் என்ற ஒரே முடிவைச் சொன்னார்கள்.

நோட்டீஸ் வந்தால் முதலில் கோரிக்கை தாக்கல் செய்யும் கடைசித் தேதியைப் பாருங்கள். அப்புறம் பில், ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து, நோட்டீஸில் சொன்ன இடத்துக்கே அனுப்புங்கள்.