கெட்டமின்: வலி இருந்தும் வேதனை குறைவது எப்படி?

"வலி இருக்கு டாக்டர், ஆனா அது என்னைப் பெருசா படுத்தல." கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்த பிறகு சிலர் இப்படிச் சொல்வார்கள். அருகில் நிற்கும் உறவினர்கள் பதறிவிடுவார்கள்: "அப்போ ஊசி வேலை செய்யலையா?" மயக்கவியல் மருத்துவராக நான் சொல்வது, வேலை செய்கிறது. அது வேலை செய்யும் விதமே அப்படித்தான்.

நாம் வலி என்று ஒரே சொல்லில் சொன்னாலும் மூளை அதை ஒரே இடத்தில் உணர்வதில்லை. எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்பதைப் பெரும்பாலும் மூளையின் மேலடுக்கில் உள்ள உடலுணர்வுப் புறணி கணிக்கிறது. "ஐயோ, தாங்க முடியலையே" என்ற தவிப்பில் முன் சிங்குலேட் புறணி, இன்சுலா என்ற வேறு இரண்டு மூளைப் பகுதிகளுக்குப் பெரிய பங்கு. மெல்சாக், கேசி என்ற ஆய்வாளர்கள் 1968-லேயே இந்த இரண்டு கூறுகளையும் பிரித்துப் பேசினார்கள். இன்சுலா பழுதுபட்ட சிலருக்கு வலி தெரியும், ஆனால் அது அவர்களைப் பாதிக்காது.

1962-இல் உருவாக்கப்பட்ட கெட்டமின், நரம்பணுக்களில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கொண்டுவரும் செய்தியை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளை அடைக்கிறது. முழு மயக்கத்துக்கு ரத்தக்குழாய் வழியாக, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் தேவை. வலிக்கு மட்டும் என்றால் கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராமே போதும். இந்தச் சிறிய அளவில் வலியின் கடுமையும் குறையும், கூடவே அதன் மீதான தவிப்பும் தளரும். வானொலி ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் யாரோ அடுத்த அறைக்கு அதை எடுத்துப் போய்விட்டது போல.

இதனால்தான் 'வலி பத்துக்கு எத்தனை?' என்ற கேள்வி மட்டும் எனக்குப் போதுவதில்லை. ஆறு என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவரும் உண்டு, நான்கு என்று சொல்லிவிட்டு அழுபவரும் உண்டு. "அது உங்களை எவ்வளவு தொந்தரவு செய்கிறது?" என்றும் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? நீங்களாகவே சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆனால் தவிப்பைத் தளர்த்தும் மருந்து, மனதையும் கொஞ்சம் அசைக்கும். உடலைவிட்டு விலகியது போன்ற உணர்வு, விசித்திரக் கனவுகள், மாயக்காட்சிகள் வரலாம். பயத்தோடு மயக்கத்துக்குள் போகிறவர்களுக்கு இது கடினமாக இருக்கலாம். அதனால் ஊசிக்கு முன் என்ன நடக்கும் என்று நிதானமாகப் பேசிவிடுவது என் வழக்கம். தேவைப்பட்டால் பதற்றத்தைத் தணிக்கும் மிடசோலம் மருந்தும் கொடுப்போம். ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் கூடும் என்பதால், இதய நோயோ கட்டுப்படாத பிரஷரோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மனச்சிதைவு போன்ற மனநோய் முன்பு இருந்திருந்தாலும் மறைக்காதீர்கள்.

மருத்துவமனைக்கு வெளியே போதைக்காகக் கெட்டமினைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்கிப் போகிறது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், ரத்தம், அடிக்கடி போக வேண்டிய அவசரம் என்று தொடங்கும். இந்த அறிகுறிகள் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சீக்கிரம் நிறுத்தினால் பலருக்கு ஓரளவு சரியாகும்.